கோர்டாவைப் படிக்கணுமா? முதல்ல ஒரு அழுகின மிளகாயை எடுங்க

வாடகை வீட்டுல பீரோவை நகர்த்தினப்போ பின்னாடி சுவத்துல கரியை அள்ளி அப்பின மாதிரி ஒரு பூசணம். போட்டோ எடுத்து ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன், அவன் உடனே "ஸ்டாக்கிபாட்ரிஸ் டா, விஷக் கறுப்புப் பூசணம், வீட்டைக் காலி பண்ணு"ன்னு பயமுறுத்தினான். கடைசில அது அது இல்ல, சாதாரண கிளாடோஸ்போரியம். ஆனா அந்த ராத்திரி தேடித் தேடிப் படிச்சதுல ஒரு பேரு மாட்டிக்கிச்சு, ஆகஸ்ட் கார்ல் ஜோசப் கோர்டாங்கிற பூஞ்சை ஆராய்ச்சியாளர், 1837, ப்ராக். அந்தப் பேரு பின்னாடி போனா மிளகாய்ல பழ அழுகல், கரும்புல செவ்வழுகல், ஆஸ்பத்திரில எழுதிக் குடுக்கிற மாத்திரைன்னு எங்க பார்த்தாலும் அதே ஆளு நிக்கிறாரு.

செக் நாட்டுல காளான் ஆராய்ச்சின்னாலே கூடையைத் தூக்கிட்டு காட்டுக்குப் போற கதைதான் வரும். இவரு அந்த ரகம் இல்ல. காஞ்ச குச்சி, நனைஞ்ச காகிதம், செத்த தண்டு, இதுல கண்ணுக்கே தெரியாம பூத்து நிக்கிற பூஞ்சையை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்து வரைஞ்சு தள்ளினவர். சமைச்சுத் திங்கிற காளான் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா அதே ஊர்ல அதே காலத்துல இருந்த க்ரோம்போல்ட்ஸ்னு ஒரு டாக்டர் கிட்ட போங்க, எதைத் திங்கலாம் எது விஷம்னு பெரிய பெரிய படமா போட்டு வெச்சிருக்காரு. இங்க நம்ம பேச்சு கோர்டா மட்டும்தான்.

நான் பண்ணின தப்பை முதல்லயே சொல்லிடுறேன். வாழ்க்கை வரலாறுல ஆரம்பிச்சேன். எல்லாம் ஜெர்மன், லத்தீன், பத்து பக்கத்துல தூக்கம் வந்துடுச்சு, ஆறு மாசம் தொடவே இல்ல. அதனால கீழ சொல்ற வரிசை நான் போன வழிக்கு நேர் தலைகீழ், பூஞ்சையைப் பிடிச்சுக்கிட்டு ஆளுகிட்ட போறது.

முதல் வேலை, பேரோட வாலைப் படிக்கக் கத்துக்கோங்க

ஒரு பூஞ்சைக்கு முழு அறிவியல் பேரு எழுதும்போது கடைசில ஆள் பேரு வரும். விவசாய நோட்டீஸ்ல பெரும்பாலும் இதை வெட்டிடுவாங்க, ஆனா நமக்கு வேண்டியதே அந்த வால்தான். மிளகாய்ப் பழ அழுகல், கரும்புச் செவ்வழுகல் ரெண்டுக்கும் காரணமான கொலட்டோட்ரைக்கம் அப்படிங்கிற பேரினத்துக்கு (ஜீனஸ், அதாவது ஒத்த இனங்களோட கூட்டம்) பின்னாடி கோர்டா, 1831ன்னு இருக்கும். அப்படின்னா அந்தப் பேரினத்தை முதன்முதலா பேரு வெச்சு விவரிச்சு அச்சுல போட்டவர் அவர்னு அர்த்தம். 1809ல பிறந்த ஆளு, கணக்குப் போட்டுப் பாருங்க, இருபது சொச்சம் வயசு. பொஹீமியாவுல (இப்போதைய செக் நாட்டுப் பகுதி) ஏதோ ஒரு கொத்தமல்லிக் குடும்பத்துச் செடியோட தண்டுல கிடைச்ச பூஞ்சை. நம்ம ஊர் கரும்பைச் சிவப்பா அழுக வைக்கிற இனத்துக்கு வென்ட்னு ஒரு டச்சுக்காரர் ஜாவால இருந்து 1893ல பேரு வெச்சப்போ, அவரும் இதே பேரினத்துக்குள்ளதான் கொண்டுவந்து வெச்சாரு. அதாவது ஒரு பையன் ப்ராக்ல திறந்த டப்பா, அறுபது வருஷம் கழிச்சு இன்னொருத்தர் வேற கண்டத்துல இருந்து அதுக்குள்ள ஒண்ணைப் போடுறாரு.

வால்ல ஒரு பேரு அடைப்புக்குள்ளயும் ஒண்ணு வெளியவும் இருந்தா குழம்பாதீங்க. உள்ள இருக்கிறவர் முதல்ல அந்த இனத்துக்குப் பேரு வெச்சவர், வெளிய இருக்கிறவர் அதை இப்ப இருக்கிற பேரினத்துக்கு மாத்தினவர். என் ஃப்ரெண்டு சொன்ன அந்த ஸ்டாக்கிபாட்ரிஸ்ல இது அழகா தெரியும். 1818லயே ஏரன்பெர்க்னு ஒருத்தர் அதைப் பார்த்து வேற ஒரு பேரினத்துல போட்டுட்டாரு. அது தெரியாமலோ என்னவோ, 1837ல கோர்டா ப்ராக்ல ஒரு வீட்டு வால்பேப்பர்ல இருந்து எடுத்து ஸ்டாக்கிபாட்ரிஸ் ஏட்ரான்னு புதுசா பேரு வெச்சாரு. 1958ல ஹியூஸ்னு ஒருத்தர் ரெண்டும் ஒண்ணுதான்னு சேர்த்து, ஏரன்பெர்க் வெச்ச இனப்பேரையும் கோர்டா வெச்ச பேரினத்தையும் ஒட்டி ஸ்டாக்கிபாட்ரிஸ் சார்ட்டாரம் ஆக்கினாரு. அதனால இன்னைக்கு முழுப்பேருல கோர்டா இல்லவே இல்ல, ஆனா முதல் வார்த்தை அவரோடது. கதிர், திராட்சைக் கொத்து, இந்த ரெண்டு கிரேக்க வார்த்தையைச் சேர்த்து வெச்ச பேரு அது, மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஏன்னு புரியும்.

இன்னொண்ணு, வால்ல இல்லாம பேருக்குள்ளயே அவர் ஒளிஞ்சிருக்கிற இடமும் உண்டு. வாழை இலைல பழுப்புப் புள்ளி போடுற கோர்டானா. ப்ரோய்ஸ்னு ஒருத்தர் கோர்டா ஞாபகமா வெச்ச பேரினம். இப்ப அந்த வாழைப் பூஞ்சையை நியோகோர்டானான்னு பிரிச்சிட்டாங்க, அப்பவும் மனுஷன் போகல பாருங்க.

இண்டெக்ஸ் ஃபங்கோரம், மைக்கோபேங்க்னு பூஞ்சைப் பேருகளுக்கு ரெண்டு வெப்சைட் இருக்கு, ரெண்டும் ஃப்ரீ. ஏதாவது பூஞ்சை பேரைப் போட்டுத் தேடி வாலைப் பாருங்க. ஒரு சாயங்காலம் இதையே விளையாட்டா பண்ணுங்க, அவர் பேரு எத்தனை இடத்துல வருதுன்னு நீங்களே அசந்துடுவீங்க.

அடுத்து, வாழ்க்கையை ஒரு துண்டுச் சீட்டு அளவுக்கு மட்டும்

இதுக்கு மேல இப்போதைக்கு வேண்டாம். 1809ல ரைஷென்பெர்க்ல பிறந்தாரு, இப்ப அந்த ஊருக்கு லிபெரெத்ஸ்னு பேரு, வட பொஹீமியா. சின்ன வயசுலயே அப்பா அம்மா இல்ல. ப்ராக்ல சர்ஜரி படிச்சாரு, 1832 காலரா சமயத்துல நோயாளிகளைப் பார்த்தாரு, அப்புறம் வைத்தியமே வேண்டாம்னு விட்டுட்டாரு. 1830கள் நடுவுல ப்ராக் தேசிய அருங்காட்சியகத்துல வேலை. எந்தப் பிரிவுன்னு நினைக்கிறீங்க? விலங்கியல்! ஆமா, ஆபீஸ் கணக்குப்படி அவர் பாத்துக்க வேண்டியது மிருகங்களை. பூஞ்சை எல்லாம் அது போக மிச்ச நேரத்துல.

மிச்ச நேரம்னு சொன்னாலும் அந்த மனுஷன் தொடாத இடம் இல்ல. அருங்காட்சியகத்தை உண்டாக்கினவங்கள்ல முக்கியமானவர் ஸ்டெர்ன்பெர்க் பிரபு, நிலக்கரிப் படிவுச் செடிகள்ல பெரிய ஆளு. அவருக்கு ஒரு சுரங்கப் பகுதிக் கல்லுல தேள் ஒண்ணு கிடைச்சுது, அதுக்கு 1835ல பேரு வெச்சு விவரிச்சது கோர்டாதான், புதைபடிவத் தேள்னு உலகத்துல முதல்ல விவரிக்கப்பட்டது அது. 1847ல ஹாவ்லேன்னு ஒருத்தரோட சேர்ந்து பொஹீமியாவோட ட்ரைலோபைட் (அழிஞ்சு போன பழங்காலக் கடல் உயிரி) பத்தி புஸ்தகம் போட்டாரு. அதே ட்ரைலோபைட்டைத்தான் பாராண்ட்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தாரு, இவங்க முந்திக்கிட்டா அவருக்கு எப்படி இருந்திருக்கும். எனக்கு என்ன தோணும்னா கோர்டாவுக்கு ஒரே இடத்துல நிக்கத் தெரியாது, அவசரக்காரர், அந்த அவசரம் பூஞ்சைப் படங்கள்லயும் தெரியும், அதைப் பின்னாடி சொல்றேன்.

தேடும்போது ஒரு டிப்ஸ். செக்காரா ஜெர்மன்காரரான்னு சண்டை போடுற பக்கங்கள்ல நேரத்தை வீணாக்காதீங்க. அப்ப அது ஆஸ்திரியப் பேரரசு, அவர் எழுதினது ஜெர்மன்லயும் லத்தீன்லயும், வேலை பார்த்தது ப்ராக்ல, அவ்வளவுதான். ஆனா ஊர் பேரை ரெண்டு மொழிலயும் போட்டுத் தேடுங்க, நடுப்பேரு கார்ல்ங்கிறதை சி போட்டு ஒரு தடவை கே போட்டு ஒரு தடவை தேடுங்க, கிடைக்கிற ரிசல்ட்டே வேற வேற.

புஸ்தகம் எந்த வரிசைல

முதல்ல ப்ராக்ட்ஃப்ளோரா, 1839. பேருக்கே அலங்காரம்னு அர்த்தம் வர்ற மாதிரி இருக்கும், 25 கலர் படப் பக்கம், எல்லாம் பூசணம். ஊறுகாய் மேல படர்ந்தா நாம முகம் சுளிச்சு வழிச்சுப் போடுற சமாச்சாரத்தை இந்த ஆளு நகைக்கடை கேட்லாக் மாதிரி வரைஞ்சிருக்காரு. படிக்க வேண்டாம், சும்மா பாருங்க.

அப்புறம் பெரிய வேலை, இகோனெஸ் ஃபுங்கோரும். அதுவரைக்கும் தெரிஞ்ச பூஞ்சைகளோட படங்கள்ங்கிறதுதான் தலைப்போட சாரம். 1837ல முதல் பாகம், 1842க்குள்ள அஞ்சு பாகம். ஸ்கேன் பண்ணின பக்கங்கள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரில இலவசமா கிடைக்குது. முழுசா டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டுத் திறக்காமலே இருக்கிற கூட்டத்துல சேராதீங்க, நீங்க வால்ல பார்த்த ஒரே ஒரு பூஞ்சையோட பக்கத்தை மட்டும் தேடி எடுங்க.

பக்கத்துல லத்தீன் இருக்கேன்னு பயம் வேண்டாம். ஒரு பத்து வார்த்தை போதும். ராமோஸ்னு மாதிரி வந்தா கிளை, லிக்னம்னா கட்டை, ஃபோலியான்னா இலை, சார்ட்டான்னா காகிதம், ப்ரோப்பே ப்ராகாம்னா ப்ராக் பக்கத்துல. இவ்வளவுல எங்க எதுல கிடைச்சதுன்னு தெரிஞ்சுடும், மீதியைப் படமே சொல்லிடும்.

அளவுதான் ஆளைக் கவுக்கிற இடம். ஸ்போர் (பூஞ்சைக்கு விதை மாதிரி) நீளத்தை 0.0003ன்னு எழுதி பக்கத்துல மூணு தடவை பி எழுத்து போட்டிருப்பாரு. நான் மில்லிமீட்டர்னு நினைச்சு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அது பாரிஸ் அங்குலம். ஒரு பாரிஸ் அங்குலம் 27.07 மில்லிமீட்டர். அவர் எண்ணை 27,070ஆல பெருக்கினா மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வந்துடும், 0.0003ன்னா கிட்டத்தட்ட 8 மைக்ரான். போன்ல கால்குலேட்டர் இருக்கில்ல. அந்தக் காலத்துல ஸ்போரை அளந்து எழுதணும்ங்கிற பழக்கமே பலருக்கு இல்ல, இவர் அளந்தாரு, அதுக்காகவே எனக்கு இவரைப் பிடிக்கும்.

மூணாவதா 1842ல வந்த ஒரு புஸ்தகம், அன்லைட்டுங்னு ஆரம்பிக்கும் தலைப்பு. அப்படின்னா வழிகாட்டி. பூஞ்சை படிக்க வர்றவங்களுக்காக அவரே எழுதினது, அப்ப தெரிஞ்ச பேரினங்கள் எல்லாம் உள்ள இருக்கு, வகைப்பாட்டோட வரலாறும் சுருக்கமா இருக்கு. ஜெர்மன். போன் கேமராவைக் காட்டினா மொழிபெயர்ப்பு வரும், பாதி உளறும், ஆனாலும் பொருள் புரியும்.

இப்பதான் மிளகாய்

இந்தப் படி இல்லாம கோர்டாவைப் புரிஞ்சுக்க முடியாதுன்னு நான் அடிச்சே சொல்வேன். அவர் பார்த்ததை நீங்களும் ஒரு தடவை பார்க்கணும்.

தோட்டத்துலயோ மார்க்கெட்லயோ பழுத்த மிளகாய்ல வட்டமா அமுங்கி, அந்த வட்டத்துக்குள்ள வளையம் வளையமா கறுப்புப் புள்ளி வெச்சது ஒண்ணு கிடைக்கும், கடைக்காரர் ஓரமா ஒதுக்கி வெச்சிருப்பாரு, கேட்டா சும்மாவே குடுப்பாரு, ஒரு மாதிரி பார்ப்பாரு. பழைய டிபன் டப்பால டிஷ்யூ பேப்பரை நனைச்சுப் பிழிஞ்சு விரிச்சு, மிளகாயை மேல வெச்சு மூடிடுங்க. தண்ணி தேங்கக் கூடாது, ஈரப்பதம் மட்டும் வேணும். நிழல்ல ரெண்டு மூணு நாள். புள்ளி மேல சிவப்பும் வெள்ளையும் கலந்த மாதிரி பிசுபிசுன்னு ஏதாவது கசிஞ்சா அதுதான் ஸ்போர் குவியல்.

பத்து மடங்கு கை லென்ஸ்ல பார்த்தா ஒவ்வொரு புள்ளிலயும் கறுப்பா குத்திக்கிட்டு நிக்கிற முடி தெரியும். கொலட்டோட்ரைக்கம்ங்கிற பேருல கடைசில வர்ற ட்ரைக்கம் இருக்கே, கிரேக்கத்துல முடிங்கிற வார்த்தைல இருந்து வந்தது, அந்த முடிதான் இது. செல்லோடேப்பை மெதுவா ஒட்டி எடுத்து ஸ்லைடுல ஒரு சொட்டுத் தண்ணி மேல ஒட்டி, 400 மடங்குல வெச்சீங்கன்னா அரிவாள் மாதிரி வளைஞ்ச ஸ்போர் கூட்டம் கூட்டமா மிதக்கும். மைக்ராஸ்கோப் இல்லையா, பக்கத்துல ஏதாவது காலேஜ் லேப்ல தெரிஞ்சவங்க கிட்ட கெஞ்சுங்க, அரை மணி நேரம் போதும்.

போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி பென்சில்ல வரைங்க. கேவலமா வந்தாலும் பரவாயில்ல. முடி எத்தனை, எங்க இருந்து கிளம்புது, ஸ்போர் நேரா வளைவான்னு கை வரையும்போதுதான் கண்ணு கேள்வி கேக்கும். வரைஞ்சு முடிச்சிட்டு கோர்டா 1831ல போட்ட கொலட்டோட்ரைக்கம் படத்தைத் திறந்து வெச்சுப் பாருங்க. அவரோடது வேற இனம், வேற செடி, ஆனா அதே முடி, அதே வளைஞ்ச ஸ்போர் குடும்பம்.

ஜாக்கிரதை பத்தி சுருக்கமா. சுவத்துக் கறுப்புப் பூசணத்தை இந்த விளையாட்டுக்கு எடுக்காதீங்க. காஞ்ச நிலைல சுரண்டினா ஸ்போர் பறக்கும். 1930கள்ல உக்ரைன் பக்கம் ஸ்டாக்கிபாட்ரிஸ் படிஞ்ச வைக்கோலைத் தின்ன குதிரைகள் கொத்துக் கொத்தா செத்திருக்கு, அதனால அதை அலட்சியமா எடுக்க வேண்டாம். அதுக்காகக் கறுப்பா இருக்கிறது எல்லாம் அதுவும் இல்ல, அதுக்கு நல்லா ஊறின காகிதம், ஜிப்சம் போர்டு மாதிரி ஏதாவது வேணும். ஆஸ்துமா இருக்கிறவங்க மிளகாய் டப்பாவைக் கூட வேற ஆளை விட்டுத் திறக்கச் சொல்லுங்க. மத்தவங்களும் மாஸ்க் போட்டு, முகத்துக்கு நேரா பிடிக்காம திறங்க. முடிஞ்சதும் ப்ளீச்சிங் தண்ணி ஊத்தி மூடிக் குப்பைல போடுங்க, அந்த டப்பால மறுபடி சோறு கட்டாதீங்க. வீட்டுல திட்டு வாங்குறது உறுதி, அதுக்கு என்கிட்ட வழி இல்ல.

அவர் படத்தை எவ்வளவு நம்பலாம்

பாதி ஆளுங்க சறுக்குற இடம் இது. படம் அவ்வளவு தெளிவா இருக்கிறதால அப்படியே வேதவாக்கா எடுத்துப்பாங்க. ஸ்டாக்கிபாட்ரிஸ் ஸ்போரை கோர்டா ரெண்டு அறை இருக்கிற மாதிரி சொன்னாரு. நூறு வருஷத்துக்கு மேல போச்சு, 1943ல பிஸ்பின்னு ஒரு ஆராய்ச்சியாளர் மறுபடி உக்காந்து பார்த்து, அது ஒரே அறைதான், உள்ள ரெண்டு எண்ணெய்த் துளி இருக்கிறதால நடுவுல கோடு இருக்கிற மாதிரி ஏமாத்துதுன்னு சொன்னாரு. இதை முதல் தடவை படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரல, கோர்டா மேல மரியாதைதான் கூடுச்சு, ஏன்னா 1830கள் மைக்ராஸ்கோப்ல அந்த ரெண்டு துளியைப் பார்த்திருக்காரே! பார்த்தது சரி, அர்த்தம் பண்ணினது தப்பு. அவசரக்காரர்னு சொன்னேன்ல.

அதனால படத்தைப் பார்க்கும்போது எது அவர் கண்ணால பார்த்தது, எது ஊகிச்சு நிரப்பினதுன்னு கேட்டுக்கிட்டே பாருங்க. சரிபார்க்க வழி இருக்கு, அவர் எடுத்து வெச்ச மாதிரிகள்ல நிறைய ப்ராக் தேசிய அருங்காட்சியகத்துப் பூஞ்சைத் தொகுப்புல இன்னும் இருக்கு, பேப்பர்கள்ல பிஆர்எம்னு சுருக்கமா போடுவாங்க. 1980கள்ல ஹோலுபோவா-யெக்கோவாங்கிற செக் விஞ்ஞானி அந்தப் பழைய மாதிரிகளை எடுத்து ஒவ்வொண்ணா திரும்பப் பார்த்து எழுதின கட்டுரைகள் இருக்கு. ஒரு கோர்டா பேரு இன்னைக்கு செல்லுமான்னு சந்தேகம் வந்தா அந்த மாதிரி மறுஆய்வைத் தேடுங்க, சும்மா 1837 படத்தை ஒட்டி வெச்சு வாதாடாதீங்க.

மாத்திரைக் கதையை எப்படிச் சொல்லக்கூடாது

செஃபாலெக்சின், செஃபிக்சைம்னு டாக்டர் எழுதித் தர்ற செஃப் வரிசை மாத்திரைகளோட பேரு செஃபலோஸ்போரியம்ங்கிற பூஞ்சைல இருந்து வந்தது, அந்தப் பேரினத்துக்குப் பேரு வெச்சது கோர்டா, 1839. இதை வெச்சு "செஃபலோஸ்போரினைக் கண்டுபிடிச்சவர் கோர்டா"ன்னு ஃபார்வர்டு போட்டுடாதீங்க, ப்ளீஸ். 1945ல சார்டினியாவுல காலியாரிங்கிற ஊர்ல, சாக்கடைத் தண்ணி கடல்ல கலக்குற இடத்துல இருந்து ப்ரோட்சுன்னு ஒருத்தர் ஒரு பூஞ்சையை எடுத்தாரு, அது கிருமியைக் கொல்லுதுன்னு பார்த்தாரு. அது கோர்டா பேரு வெச்ச இனம்னு நினைச்சாங்க. பிறகு அது வேற இனம்னு ஆயிடுச்சு, அந்த இனத்துக்குப் பேரு குடுத்தவங்க வால்ல பாருங்க, திருமலாச்சார், சுகாப்பூரே, நம்ம இந்தியாக்காரங்க. ஆக மருந்துல ஒட்டிக்கிட்டு இருக்கிறது கோர்டா வெச்ச பேரு மட்டும்தான்.

ப்ராக் போறவங்களுக்கு

வென்செஸ்லாஸ் சதுக்கத்துத் தலைல நிக்கிற அந்தப் பிரம்மாண்ட அருங்காட்சியகக் கட்டடத்துக்குப் போய் இங்கதான் கோர்டா நடந்தாருன்னு உருகாதீங்க, அது திறந்ததே 1891ல, அவர் செத்து 42 வருஷம் கழிச்சு. பூஞ்சைத் தொகுப்பு ஊரோட ஓரத்துல ஹோர்னி பொச்செர்னிட்செ பக்கம் இருக்கு, ஆராய்ச்சிக்குப் போறவங்களுக்கானது, வேடிக்கை பார்க்கிற காட்சி இல்ல. அவர் ஊரான லிபெரெத்ஸுக்கு ப்ராக்ல இருந்து பஸ்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அழகான ஊரு.

கடைசியா வாழ்க்கை வரலாறு

இப்ப திறக்கலாம். வைட்டன்வெபர்னு ப்ராக் டாக்டர் ஒருத்தர் 1852ல கோர்டாவோட வாழ்க்கையும் எழுத்தும் பத்தி எழுதினது இருக்கு. இவ்வளவு தூரம் வந்தப்புறம் அந்த ஜெர்மன் பக்கம் முன்ன மாதிரி கல்லா இருக்காது.

அதுல தேட வேண்டியது கடைசி ரெண்டு வருஷம். 1848ல கோர்டா டெக்சாஸ் கிளம்பினாரு, பொஹீமியாவே பாதி தோண்டிப் பார்த்த ஆளுக்குப் புது நிலம். அங்க சுத்தித் திரிஞ்சு சேகரிச்சதை எல்லாம் எடுத்துக்கிட்டு 1849 செப்டம்பர்ல விக்டோரியாங்கிற கப்பல்ல ஊருக்குத் திரும்பினாரு. கப்பல் வந்து சேரல. நாப்பது வயசு ஆகல.

இகோனெஸ் ஆறாவது பாகம் 1854ல வந்துச்சு, ட்சோபெல்னு இன்னொருத்தர் முடிச்சு வெச்சாரு. அதுல டெக்சாஸ்ல சேகரிச்சது ஏதாவது இருக்கும்னு நான் ஒரு வாரம் ஒவ்வொரு படமா புரட்டினேன். நீங்க அந்த வேலையைப் பண்ணாதீங்க, அது எல்லாம் அவரோடயே அட்லாண்டிக்ல போயிடுச்சு.